நம்ம ஊர் ஆர்ட் கேலரிக்குள்ள ஊர்க்காரங்க வரணும்னா என்னென்ன மாத்தணும்: முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர் அரண்மனைக்குள்ள இருக்கற ஆர்ட் கேலரிக்குப் போனா, ஐம்பொன் சிலை முன்னாடி நின்னு முகத்தப் பாத்து முடிச்சதும் ஒரு தடவ குனிஞ்சு பீடத்தையும் பாருங்க. நிறைய சிலைகளோட பீடத்துல ஓட்டையோ வளையமோ இருக்கும். கம்பு சொருகி, கயிறு கட்டி, தோள்ல தூக்கிட்டுப் போறதுக்கு வச்சது. அதெல்லாம் உற்சவ மூர்த்தி. மூலவர் மாதிரி கருவறையிலயே இருக்க செஞ்சதில்ல, தெருவுக்கு வரணும்னே வார்த்தது, நடக்க முடியாத பாட்டி வீட்டு வாசல்ல நின்னு பாக்கறதுக்கு. ஆனா எல்லாத் தெருவுக்கும் அந்த ஊர்வலம் போகல, எந்தத் தெருவுக்குப் போகலன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு அதே மாதிரி சிலை முன்னாடி எந்தத் தெருக்காரர் வேணாலும் ஒரு கை தூரத்துல நின்னு, யாரும் நகருங்கன்னு சொல்லாம, எவ்ளோ நேரம் வேணா பாக்கலாம். இந்த வாய்ப்பத் தர்றது ஒரு பொது கேலரிதான்.

அதனாலதான் ஒரு மாவட்ட கேலரி ஞாயித்துக்கிழமை மத்தியானம் காலியா கெடக்கறதப் பாத்தா எனக்கு வயிறு எரியும். நான் ஓவிய ஆசிரியர், ஒரு மாவட்டக் காட்சியகத்த மாத்தி அமைக்கற குழுவுல ரெண்டு வருஷம் இருந்தேன், எந்த ஊருன்னு இங்க வேணாம். அங்க கத்துக்கிட்டது, வெளியூர் வெளிநாட்டு கேலரிகள் செஞ்சதுல நமக்கு ஒத்து வர்றது எல்லாத்தையும் வரிசையா எழுதறேன். கேலரில வேலை பாக்கறவங்க, நகராட்சில இருக்கறவங்க, டீச்சருங்க, ஊர் மேல அக்கறை இருக்கற யாரா இருந்தாலும் இத வச்சு ஆரம்பிக்கலாம்.

முதல் வேலை: வராதவங்ககிட்ட போய்ப் பேசுங்க

எல்லாரும் பண்ற வழக்கம், கேலரிக்குள்ள ஒரு விசிட்டர்ஸ் புக் வச்சுட்டு அதுல எழுதினத வச்சு முடிவெடுக்கறது. அதுல எழுதறவங்க ஏற்கெனவே உள்ள வந்தவங்க, அவங்களுக்குப் பெரும்பாலும் கேலரி பிடிச்சிருக்கும், நல்லாருக்குன்னுதான் எழுதுவாங்க. உங்களுக்கு வேண்டியது கேட்டத் தாண்டி நடந்து போறவங்க.

ரெண்டு வாரம், காலைல ஒரு மணி நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம், கேட்டுக்கு எதிர்ல ஒரு நோட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க. எத்தனை பேர் கடந்து போறாங்க, எத்தனை பேர் நின்னு உள்ள எட்டிப் பாக்கறாங்க, எத்தனை பேர் ரெண்டு அடி உள்ள வந்துட்டுத் திரும்பிடறாங்கன்னு கோடு போட்டு எண்ணுங்க. இந்த மூணாவது ஆளுங்கதான் தங்கம், ஆசை இருந்து ஏதோ ஒண்ணு தடுத்தவங்க, மெதுவா கூட நடந்து போய்ப் பேசுங்க.

அப்புறம் ஆட்டோ ஸ்டாண்ட், டீக்கடை, ரேஷன் கடை வரிசை, ஸ்கூல் விடற நேரத்துல கேட்டுல நிக்கற அம்மாக்கள். "கேலரிக்கு ஏன் வரல"ன்னு கேட்டா குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும், மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. "வெளியூர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தா எங்க கூட்டிட்டுப் போவீங்க"ன்னு கேளுங்க. அப்படிக் கேட்டப்போதான் எங்களுக்கு விஷயம் வெளிய வந்துச்சு. எங்க கேட்டுக்கு நேர் எதிர்ல பல வருஷமா பூக்கட்டி விக்கற ஒரு அக்கா, "அது ஆபீஸுன்னு நெனச்சேன், கையெழுத்துப் போட்டுத்தான் உள்ள விடுவாங்கன்னு" சொன்னாங்க. போர்டுல துறையோட பேரு பெருசாவும் காட்சியகம்ங்கறது சின்னதாவும் இருந்துச்சு, வாசல்ல ஒரு மேஜை, ஒரு ரிஜிஸ்டர், காக்கிச் சட்டையில ஒருத்தர். அந்த அக்கா நெனச்சதுல என்ன தப்பு?

இன்னும் வந்த காரணங்க: செருப்பக் கழட்டணுமா வேணாமான்னு தெரியல, பாத்ரூம் இருக்கான்னு தெரியல, குழந்தை ஏதாவது தொட்டுட்டா ஃபைன் போடுவாங்களோ, நமக்குப் புரியாது. இந்தக் கடைசிதான் எல்லாத்தையும் விட ஆழமானது. கலை நமக்குப் புரியாதுன்னு சொன்னவங்கள்ல ஒருத்தர் விளக்கு வார்க்கற பட்டறைல முப்பது வருஷம் வேலை பாத்தவர், எனக்குத் தெரிஞ்ச எந்தக் க்யூரேட்டரை (காப்பாட்சியர) விடவும் அவருக்கு உலோகம் தெரியும்.

ரெண்டாவது: ஊர்க்காரங்களுக்கு ஒரு ரூமு குடுங்க

ஆலோசனைக் குழுன்னு போட்டு சால்வை போத்தி ஃபோட்டோ எடுத்துட்டு அனுப்பறது வேணாம். பத்துப் பன்னெண்டு பேர் போதும். அந்தப் பட்டறைக்காரர் மாதிரி ஒருத்தர், ரிட்டயர்ட் டீச்சர் ஒருத்தர், மகளிர் குழுவுலேர்ந்து ரெண்டு பேர், ஒன்பதாவது பத்தாவது படிக்கற பிள்ளைங்க ரெண்டு பேர், மாற்றுத்திறனாளிகள் சங்கத்துலேர்ந்து ஒருத்தர், பக்கத்துக் கடைக்காரர், முக்கியமா கேலரியோட வாட்ச்மேன். வாட்ச்மேனுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்தப் பொருள் முன்னாடி யாரு எவ்ளோ நேரம் நிக்கறாங்கன்னு வேற யாருக்கும் தெரியாது.

அவங்க ஒரு நாள் கூலிய விட்டுட்டு வர்றாங்க, அதனால பஸ் காசோட ஒரு படியும் கண்டிப்பா குடுங்க. அப்புறம் ஒரு அறைய முழுசா அவங்ககிட்ட விடுங்க, எந்தப் பொருள் அங்க வரணும், என்ன எழுதணும்னு அவங்க முடிவு. காப்பாட்சியர் பாதுகாப்பு விஷயத்துல மட்டும் வேணாம்னு சொல்லலாம், மத்ததுல கேட்டா சொல்லணும், கேக்காட்டி சும்மா இருக்கணும். இது சொல்றதுக்கு ஈஸி, செய்யறப்போ கஷ்டமா இருக்கும், ஆனா இந்த ஒரு அறைலதான் கேலரி நம்மளதுங்கற எண்ணம் பொறக்கும்.

வாசல், திண்ணை, பாத்ரூம்

இங்கிலாந்துல மான்செஸ்டர்ல விட்வொர்த்னு ஒரு கேலரி, 1889ல ஆரம்பிச்சது. பின்னாடியே ஒரு பெரிய பார்க் இருக்கு, சுத்தி உழைக்கற ஜனங்க, பல நாட்டுலேர்ந்து வந்து குடியேறினவங்க வாழற பகுதி. ஆனா கட்டடம் ரோட்டப் பாத்து நின்னுக்கிட்டு பார்க்குக்கு முதுகக் காட்டிட்டு இருந்துச்சு. சுமார் ஒன்றரை கோடி பவுண்டு செலவுல அத விரிவாக்கி 2015ல திரும்பத் திறந்தாங்க, பார்க்குப் பக்கமா புதுசா ரெண்டு கை நீட்டின மாதிரி கட்டி, மரங்களுக்கு நடுவுல கண்ணாடிச் சுவரு வச்ச ஒரு கஃபே, வெளில தோட்டம். பார்க்குல குழந்தைய விளையாட விட்டவங்க அப்படியே உள்ள நுழைய முடிஞ்சுது. அந்த வருஷமே பிரிட்டன்ல வருஷத்தோட சிறந்த மியூசியம் விருது அவங்களுக்குத்தான்.

நமக்கு அவ்ளோ காசும் வேணாம் கண்ணாடியும் வேணாம், அதே விஷயத்துக்கு நம்மகிட்ட பழைய பேரே இருக்கு, திண்ணை. டிக்கெட் கவுண்டருக்கு வெளிய, நிழலா, காத்து வர்ற மாதிரி, முதுகு சாஞ்சு உக்கார ஒரு இடம். பஸ்ஸுக்குக் காத்திருக்கறவரு உக்காரட்டும், மத்தியானம் சோத்து டப்பாவத் திறக்கறவங்க திறக்கட்டும், அங்கயே ஒரு பானைத் தண்ணி. அந்தத் திண்ணைச் சுவத்துல ஒரே ஒரு நல்ல ஃபோட்டோவும் நாலு வரி கதையும். ஆறு மாசம் திண்ணையில உக்காந்தவங்களுக்கு ஏழாவது மாசம் உள்ள நுழையறது பெரிய விஷயமா தெரியாது.

போர்டுல "உள்ளே வாங்க"ன்னு பெருசா எழுதுங்க, கட்டணம், நேரம், செருப்பு, பாத்ரூம், ஃபோட்டோ இந்த அஞ்சுக்கும் வாசல்லயே பதில் இருக்கட்டும். சாய்தளம் ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம், அதுக்குக் குறைஞ்சா சக்கர நாற்காலிய தள்ளறவரு திணறிடுவாரு. கதவு 90 சென்டிமீட்டர் வழி விடணும், நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொதுக் கட்டடங்கள்ல மாற்றுத்திறனாளிகள் வந்து போற வசதி கட்டாயம், யாரும் செய்யற உபகாரம் இல்ல. பெண்கள் பாத்ரூம்ல தண்ணி, தாழ்ப்பாள், குப்பைக்கூடை மூணும் சரியா இருக்கான்னு தினமும் ஒரு பெண் ஊழியர் பாக்கணும். இத ஆர்ட் கேலரி வழிகாட்டியில எழுதணுமான்னு தோணலாம், ஒரு அம்மா மூணு மணி நேரம் இருக்கறதும் இருபது நிமிஷத்துல கிளம்பறதும் இதுலதான் இருக்கு.

இப்போ உள்ளே: லேபிள்தான் பாதி வேலை

இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா செலவு கம்மி, பலன் அதிகம்.

தஞ்சாவூர் கேலரி 1951ல ஆரம்பிச்சது, அங்க இருக்கற திருவெண்காடு ரிஷபவாகனர் சிலைய (சிவன்தான்) உதாரணமா எடுத்துக்கறேன். ராஜராஜன் காலம், கோயில் கல்வெட்ட வச்சு 1011னு சொல்றாங்க, பக்கத்துல நிக்கற அம்மன் அதுக்கு அடுத்த வருஷம், 1012. வழக்கமான லேபிள் எப்படி இருக்கும்? பேரு, ஊரு, நூற்றாண்டு, உலோகம், உயரம், எண். ஆறு தகவல், ஒண்ணாவது பாக்கறவரோட கண்ண சிலைக்குத் திருப்புமா?

இப்போ சிலைய நேரா பாருங்க. ஒரு கால் இன்னொரு கால் மேல குறுக்கப் போட்டு, நண்பன் வீட்டுத் திண்ணைத் தூண்ல சாஞ்சு நிக்கற மாதிரி சும்மா ஒரு நிலை. தலைல சடைய தலப்பாக்கட்டு மாதிரி சுத்திச் சுத்தி, அதுக்குள்ள பாம்பு. ஒரு கை மடங்கி காத்துல எது மேலயோ ஊனின மாதிரி நிக்குது, ஆனா அங்க எதுவும் இல்ல. அந்த இடத்துல ரிஷபம் இருக்கணும், காணோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வார்த்த அந்த விரல்கள், இல்லாத காளை மேல இன்னும் அதே சுகத்தோட ஊனிக்கிட்டு இருக்கு. நான் லேபிள் எழுதினா இப்படித்தான் ஆரம்பிப்பேன்:

"இவரு எது மேல சாஞ்சு நிக்கறாரு? கையைப் பாருங்க."

அவ்ளோதான் முதல் வரி. படிச்சவங்க தானா தலையத் தூக்கிக் கையைப் பாப்பாங்க, கூட வந்த பிள்ளைகிட்ட காட்டுவாங்க. ரெண்டாவது வரில காளை, மூணாவதுல இந்தச் சிலைங்க திருவெண்காட்டுல மண்ணுக்குள்ளேர்ந்து கிடைச்ச கதை. நூற்றாண்டும் உலோகமும் கடைசில சின்ன எழுத்துல, தேவைப்படறவங்க படிச்சுக்குவாங்க.

லேபிள் எழுதறவங்களுக்கு நான் சொல்ற விதிங்க கொஞ்சம்தான். முதல் வரி கண்ண பொருளுக்குத் திருப்பணும். அம்பது அறுபது வார்த்தைக்குள்ள முடிக்கணும். "திரிபங்க நிலை"ன்னு எழுதினா கூடவே கழுத்து, இடுப்பு, முழங்கால் மூணு இடத்துல உடம்பு வளையறதச் சொல்லிடணும். முதல்ல தமிழ்ல எழுதுங்க, இங்கிலீஷ்ல எழுதிட்டு மொழிபெயர்த்தா அந்த லேபிள் ரெண்டு மொழிலயும் செத்துடும். தமிழ் எழுத்துக்குச் சுழியும் கொம்பும் புள்ளியும் தெளிவா தெரியணும், அதனால ஒல்லி எழுத்துரு வேணாம், சைஸ் 24 பாயிண்டுக்குக் குறையவே கூடாது. எழுதி முடிச்சதும் எட்டாவது படிக்கற ஒரு பிள்ளையையும் கண்ணாடி போட்ட ஒரு தாத்தாவையும் சத்தமா படிக்கச் சொல்லுங்க, எங்க தடுக்கறாங்களோ அங்க உடைச்சு எழுதுங்க.

அடுக்கற முறையும் மாறணும். அமெரிக்காவுல டெட்ராய்ட் ஆர்ட் மியூசியத்த 2007ல திரும்பத் திறந்தப்போ, காலவரிசையும் பாணியும் மட்டும் வச்சு அடுக்காம மனுஷங்களோட அனுபவத்த வச்சு நிறைய அறைகள அமைச்சாங்க. ஐரோப்பியப் பிரபுக்கள் சாப்பிட்ட தட்டு, கிண்ணம் இருக்கற அறையில ஒரு மேஜை மேல வீடியோவ விழ வச்சு, ஒரு பந்தில ஒவ்வொரு வகையா பரிமாறறதக் காட்டினாங்க. தட்ட வெறும் தட்டா பாத்தவங்க பந்தில உக்காந்துட்டாங்க. நம்ம ஊர்ல அதே மாதிரி ஒரு மேஜைல மெழுகு வார்ப்பக் காட்டலாம்: குங்கிலியம் கலந்த மெழுகுல உருவம் செஞ்சு, மேல காவிரி வண்டலப் பூசி, காய வச்சு, சுட்டு மெழுக வெளியேத்தி, அந்தக் காலி இடத்துல உருக்கின உலோகத்த ஊத்தறது, அப்புறம் அச்ச உடைக்கறது. அச்ச உடைச்சுட்டா அதே அச்சுல இன்னொண்ணு செய்ய முடியாது, ஒவ்வொரு சிலையும் ஒண்ணே ஒண்ணு. இது தெரிஞ்ச பிறகு ஷோகேஸ் முன்னாடி நிக்கற விதமே மாறும். சுவாமிமலை ஸ்தபதிங்க இன்னைக்கும் இதத்தான் செய்யறாங்க, வீடியோ எடுக்க தூரம் போக வேணாம்.

வெளிச்சம், உயரம்

வேகமா சொல்லிடறேன். பேப்பர், துணி, ஓலைச்சுவடிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அளவு), பெயிண்டிங்குக்கு 200 தாண்டக் கூடாது, கல்லுக்கும் உலோகத்துக்கும் வெளிச்சத்தால கெடுதல் இல்ல. ஆனா உலோகத்துக்கு ஈரப்பதம் எமன், சிலைல வெளிர்பச்சைப் பொடியா பூத்தா உப்பு உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம், துடைச்சு விட்டுடாதீங்க, பாதுகாப்பு நிபுணரக் கூப்பிடுங்க. தஞ்சாவூர் ஓவியத்துக்கு நேரா மேலேர்ந்து டியூப்லைட் அடிச்சா தங்க ரேக்கு கண்ணக் கூசும், சாமி முகம் தெரியாது, பக்கவாட்டுல மெல்லிசா ஒரு விளக்கு போடுங்க, எழும்பி நிக்கற நகை வேலை அப்பத்தான் மினுங்கும், அது விளக்கு வெளிச்சத்துல பாக்கச் செஞ்ச படம். படத்தோட நடுப்பகுதி தரையிலேர்ந்து 145 சென்டிமீட்டர் அளவுல இருந்தா பெரியவங்க, பிள்ளைங்க, சக்கர நாற்காலில வர்றவங்க எல்லாருக்கும் ஓரளவு ஒத்து வரும். பழைய கட்டடம்னா சுண்ணாம்புச் சுவத்துல ஆணி அடிக்கறது, சிமெண்ட் பூசறது ரெண்டும் வேணாம், தனியா நிக்கற பேனல் வைங்க.

கும்பிடறவங்க

இத எந்த வெளிநாட்டு வழிகாட்டியும் உங்களுக்குச் சொல்லாது. நம்ம ஊர்ல நிறைய பேருக்கு அந்த அறைல இருக்கறது சாமி. ஒரு பாட்டி செருப்பக் கழட்டி வச்சுட்டு கன்னத்துல போட்டுக்கறாங்க, முந்தானைலேர்ந்து ஒரு முழம் மல்லி எடுக்கறாங்க. ஊழியர் ஓடி வந்து "இங்கெல்லாம் கும்பிடக் கூடாது"ன்னு சத்தம் போட்டா அந்தப் பாட்டி மட்டுமில்ல, அந்தக் குடும்பமே திரும்ப வராது. அதே நேரம் பூவும் குங்குமமும் எண்ணெயும் உலோகத்துக்கு நல்லதில்ல, அதுவும் உண்மை.

எங்க குழுவுல இதப் பத்தித்தான் அதிகமா பேசினோம், கடைசில கண்ட வழி இது. கும்பிடறதுக்குத் தடையே இல்ல, கண்ண மூடி நிக்கலாம், தேவாரம் பாடலாம். பூ கொண்டு வந்தவங்களுக்கு அறை வாசல்லயே தண்ணி நிரப்பின ஒரு உருளி, அதுல மெதக்க விடலாம், சாயங்காலம் ஊழியர் எடுத்துடுவாங்க. பக்கத்துல ஒரு சின்ன பலகை, பூவும் குங்குமமும் சிலைய எப்படி அரிக்குதுன்னு ரெண்டு வரி. "சாமிக்கு வலிக்கும் பாட்டி, இங்க போட்டுடுங்க"ன்னு எங்க வாட்ச்மேன் தானா ஒரு நாள் சொன்னாரு, அதுக்கப்புறம் யாரும் தகராறே பண்ணல. அதே அறைல சாமி நம்பிக்கை இல்லாதவரும், வேற மதத்துக்காரரும் நிக்கறாரு, அவருக்கு அது ஒரு உடம்போட வளைவு, ஒரு கைவேலையோட உச்சம். ரெண்டு பேருக்கும் அந்த அறை சொந்தம், லேபிள் ரெண்டு பேரையும் மதிச்சு எழுதணும்.

தெருவுக்குப் போங்க

டெட்ராய்ட்காரங்க 2010ல ஆரம்பிச்ச ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவங்ககிட்ட இருக்கற ஓவியங்களோட நல்ல பிரதிகள, சட்டம் போட்டு, தெருச் சுவர்லயும் பார்க்லயும் கடைவீதிலயும் மாட்டினாங்க. நடந்து போறவங்க திடீர்னு ஒரு ஓவியத்த சந்திக்கறாங்க, பிடிச்சவங்க அசல தேடி வர்றாங்க.

இந்த யோசனை நமக்குப் புதுசே இல்ல, உற்சவரோட வேலையே அதுதான். பஸ் ஸ்டாண்ட், அரசு ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹால், உழவர் சந்தை, ரேஷன் கடைச் சுவரு, இங்கெல்லாம் நல்ல பிரதி ஒண்ணு, கீழ அந்தக் கேள்வி மாதிரி ஒரு வரி, கேலரிக்கு எந்த பஸ்னு ஒரு வரி. வெயில்ல ஒரு மாசத்துல வெளுக்கற ஃப்ளெக்ஸ் வேணாம், அலுமினியத் தகடுல பிரிண்ட் எடுங்க. முதல்ல எந்தத் தெருவுக்குப் போகணும்னு பட்டியல் போடறப்போ, பழைய ஊர்வலம் எந்தத் தெருவுல நுழையாமத் திரும்புச்சோ அங்கேர்ந்து ஆரம்பிங்க.

இன்னொண்ணு, பொருள் எந்த ஊர்லேர்ந்து வந்துச்சோ அந்த ஊருக்குப் போறது. நம்ம கேலரிகள்ல இருக்கற நிறைய சிலை வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டறப்பவும் வயல உழறப்பவும் கிடைச்சது. 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாக்கு மேல மதிப்புள்ளது கிடைச்சா கலெக்டருக்குச் சொல்லணும், அப்படித்தான் அரசுக்கு வந்துச்சு. அந்த ஊர்ல இன்னைக்கு இருக்கற சின்னப் பிள்ளைங்களுக்கு தன்னோட ஊர் சாமி எங்க இருக்காருன்னே தெரியாது. ஒரு சனிக்கிழமை பெரிய ஃபோட்டோவ எடுத்துட்டு அந்தப் பஞ்சாயத்துக்குப் போங்க, பெரியவங்க சொல்றத ரெக்கார்ட் பண்ணுங்க, அடுத்த மாசம் ஒரு பஸ் அனுப்பி அந்த ஊரையே கூட்டிட்டு வாங்க. அவங்க குரல்ல சொன்னத கேலரில ஒரு ஹெட்ஃபோன்ல போடுங்க. லேபிள்ல அந்த ஊர் பேரு பெருசா இருக்கட்டும்.

நேரமும் ஆளும்

சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பூட்டினா கூலி வேலைக்குப் போறவங்களும் கடை வச்சிருக்கறவங்களும் வாழ்க்கைல ஒரு தடவை கூட பாக்க முடியாது. வாரத்துல ஒரு நாளாவது ராத்திரி எட்டரை வரைக்கும் திறங்க. டெல்டா பக்கம்னா சம்பா அறுவடை முடிஞ்ச மாசி பங்குனில கிராமத்து ஜனங்களுக்கு நேரம் இருக்கும், அப்போ பெரிய கண்காட்சி வைங்க, நடவு நேரத்துல வச்சுட்டு யாரும் வரலன்னு வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்ல. மே 18 உலக அருங்காட்சியக நாள், ஸ்கூல் லீவு வேற, அத பிள்ளைங்களுக்கே விட்டுடுங்க.

வாட்ச்மேனுக்கும் டிக்கெட் குடுக்கறவருக்கும் பயிற்சி குடுக்கறதுலதான் நான் முதல் ரூபாயச் செலவழிப்பேன். "தொடாதே" போயி "கிட்ட வந்து பாருங்க, கை மட்டும் பின்னாடி வச்சுக்கங்க" வரணும். தொடறதுக்குன்னே ஒரு மூலை வைங்க, ஸ்தபதிகிட்ட சொல்லி வார்த்த ஒரு பிரதி, கருங்கல் துண்டு ஒண்ணு, பலாப்பலகைல பாதி முடிச்ச தஞ்சாவூர் ஓவியம். கண் தெரியாத ஒரு பையன் அந்தப் பிரதியோட தோள்லேர்ந்து விரல் வரைக்கும் தடவிட்டு வந்து "இங்க ஒரு மோதிரம் இருக்கு"ன்னான், நாங்க யாரும் அதுவரைக்கும் கவனிக்கல.

காசு

ஒரேயடியா கோடிக்கணக்குல எஸ்டிமேட் போட்டா ஃபைல் அலமாரியிலயே இருக்கும். ஒரு அறை, மூணு மாசம், லேபிளும் வெளிச்சமும் பெஞ்சும் மட்டும்னு ஆரம்பிங்க, அதக் காட்டி அடுத்ததுக்குக் கேளுங்க. மத்திய கலாச்சார அமைச்சகத்துல மியூசியங்களுக்கு நிதி உதவித் திட்டம் இருக்கு. 2013 கம்பெனி சட்டத்தோட ஏழாவது அட்டவணைல பாரம்பரியம், கலை, கலைப்படைப்புகளப் பாதுகாக்கறது எல்லாம் சிஎஸ்ஆர் செலவா, அதாவது கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்காகச் செய்யற செலவா ஏத்துக்கறாங்க, மாவட்டத்துல இருக்கற கம்பெனிகளுக்கு இத எழுதியே காட்டுங்க. மும்பைல 1872ல மக்களுக்குத் திறந்த ஒரு பழைய மியூசியம், இன்னைக்கு பாவு தாஜி லாட் மியூசியம்னு பேரு, நகராட்சி, ஒரு பாரம்பரிய அமைப்பு, ஒரு தனியார் அறக்கட்டளை மூணும் 2003ல ஒப்பந்தம் போட்டு சீரமைச்சு 2008ல திரும்பத் திறந்துச்சு, யுனெஸ்கோ விருதும் வாங்குச்சு. நகராட்சி கட்டடத்துல இப்படிச் செய்ய முடியும்ங்கறதுக்கு ஃபைல்ல வைக்க நல்ல முன்னுதாரணம்.

பலன் வந்துச்சான்னு பாக்கறது

டிக்கெட் எண்ணிக்கை மட்டும் பாக்காதீங்க, ரெண்டு ஸ்கூல் பஸ் வந்தா அது ஏறிடும். ஒரு வருஷம் கழிச்சு அதே மாசம், அதே ரெண்டு வாரம், கேட்டுக்கு எதிர்ல அதே இடத்துல அதே நோட்டோட உக்காருங்க. கடந்து போனவங்க, எட்டிப் பாத்தவங்க, ரெண்டு அடி வந்து திரும்பினவங்க, இந்த மூணு பத்தியோட புதுசா ரெண்டு சேருங்க: ரெண்டாவது தடவையா வந்தவங்க, வேற யாரையாவது கூட்டிட்டு வந்தவங்க. எங்க நோட்டுல அந்தக் கடைசிப் பத்தியோட முதல் கோடு பூக்கட்டற அக்காவுக்குப் போட்டது, ஊர்லேர்ந்து வந்த தங்கச்சியையும் ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டு, கூடைய டீக்கடைல குடுத்துட்டு வந்தாங்க.